வட்டி குறைஞ்சது, நம்ம இஎம்ஐ ஏன் குறையல? ஹோம் லோனை வேற பேங்குக்கு மாத்துற கதை

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேசின மாதிரியே இருக்கட்டும்னு பல இடங்கள்ல அப்படியே விட்டிருக்கோம்.)

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைச்சிட்டாங்கன்னு நியூஸ்ல வருது. என் இஎம்ஐ அப்படியே நிக்குதே, ஏன்?" எங்க வீட்லயும் இதே கேள்வி ஓடிச்சு. அதனால இன்னைக்கு அனகாபுத்தூர்ல இருக்கிற எங்க ஃபிளாட்டோட கடன் கதையையே எடுத்துக்கலாம். கடன் கொடுத்த நிறுவனத்தோட பேரைச் சொல்லப் போறதில்ல. இது ஒரு கம்பெனி மேல சொல்ற புகார் இல்ல, இந்த சிஸ்டம் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிற முயற்சி.

அப்பா 2018-ல ஒரு வீட்டுக் கடன் நிறுவனத்துல 20 வருஷக் கடன் எடுத்தார். நான் வேலைக்குச் சேர்ந்ததும் இஎம்ஐ பொறுப்பு என் பக்கம் வந்துச்சு. மாசம் அஞ்சாம் தேதி காசு போகும், அவ்வளவுதான், யாரும் உள்ள போய் பார்க்கல. 2023-ல வருமான வரிக்காக ஸ்டேட்மென்ட் எடுத்தப்பதான் கவனிச்சேன். அஞ்சு வருஷம் கட்டியாச்சு, மிச்சம் 15 வருஷம்தானே இருக்கணும்? அதுல 18 வருஷம்னு போட்டிருந்துச்சு. அப்பா கண்ணாடியைத் துடைச்சிட்டு மறுபடியும் பார்த்தார். "அப்போ நாம கட்டினது எங்கடா போச்சு?"ன்னார்.

எங்க போச்சு?

2022 மே மாசம் ரிசர்வ் வங்கியோட ரெப்போ வட்டி 4 சதவீதம். 2023 பிப்ரவரியில 6.5. ஒன்பது மாசத்துல இரண்டரை சதவீதம் ஏறிடுச்சு. வட்டி ஏறும்போது நிறுவனங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, இஎம்ஐ-யை ஏத்தணும். இல்லேன்னா இஎம்ஐ-யை அப்படியே வெச்சுட்டு வருஷத்தை நீட்டணும். பெரும்பாலும் ரெண்டாவதுதான் பண்ணாங்க. ஏன்னா இஎம்ஐ ஏறினா வாடிக்கையாளர் போன் பண்ணுவார், வருஷம் நீண்டா அவருக்குத் தெரியவே தெரியாது.

இந்தப் புகார் நாடு முழுக்க கிளம்பினதும் 2023 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது இஎம்ஐ-யை ஏத்தணுமா, காலத்தை நீட்டணுமா, ரெண்டும் கலந்தா, முன்கூட்டியே கொஞ்சம் அடைக்கிறீங்களான்னு வாடிக்கையாளரைக் கேட்கணும். எவ்வளவு அசல், எவ்வளவு வட்டி போயிருக்கு, இன்னும் எத்தனை இஎம்ஐ பாக்கின்னு மூணு மாசத்துக்கு ஒருமுறை ஸ்டேட்மென்ட் கொடுக்கணும். அந்த ஸ்டேட்மென்ட் உங்களுக்கு வருதான்னு முதல்ல பாருங்க.

ஏறும்போது லிஃப்ட், இறங்கும்போது படிக்கட்டு

சரி, 2025 பிப்ரவரியிலிருந்து டிசம்பருக்குள்ள ரெப்போ 6.5-லிருந்து 5.25-க்கு வந்துடுச்சே, அது ஏன் நம்மகிட்ட வரல?

உங்க கடன் எதோட இணைஞ்சிருக்குங்கிறதுதான் விஷயம். 2010 ஜூலையில பேஸ் ரேட், 2016 ஏப்ரல்ல எம்சிஎல்ஆர்னு முறைகள் வந்துச்சு. ரெண்டையுமே கணக்குப் போடுறது பேங்க்தான். 2017-ல ஜனக் ராஜ் தலைமையிலான ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் குழு இதை நோண்டிப் பார்த்து, பேங்குகள் இஷ்டத்துக்குக் கணக்கை வளைக்கிறாங்கன்னு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம்தான் 2019 அக்டோபர் 1 முதல் பேங்குகள் புதுசா தர்ற ஃப்ளோட்டிங் வீட்டுக் கடன் எல்லாம் ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோட இணைஞ்சிருக்கணும், குறைஞ்சது மூணு மாசத்துக்கு ஒருமுறை மாறணும்னு விதி வந்தது.

இதுல ரெண்டு ஓட்டை இருக்கு. அந்த விதி பேங்குகளுக்குத்தான். வீட்டுக் கடன் நிறுவனங்கள் அவங்க சொந்த அடிப்படை வட்டியை அவங்களே வெச்சுக்கலாம். ரெண்டாவது, 2019-க்கு முன்னாடி பேங்க்ல எடுத்தவங்க தாங்களா கேட்டு மாறினாதான் புது முறைக்குள்ள வர முடியும். கேட்காதவங்க பழைய வெர்ஷன்லயே ஓடிட்டு இருப்பாங்க.

எங்க நிறுவனம் புதுசா வர்றவங்களுக்கு 8-க்குப் பக்கத்துல கொடுத்துட்டு இருந்தாங்க. எட்டு வருஷமா ஒரு இஎம்ஐ கூட தவறாத அப்பாவுக்கு 9.5. விசுவாசத்துக்குக் கிடைச்ச பரிசு!

மாத்துறதுக்கு முன்னாடி கேளுங்க

"உங்க புது கஸ்டமர் ரேட்டை எனக்கும் கொடுங்க"ன்னு முதல்ல எழுத்துல, அதாவது ஈமெயில்ல கேளுங்க. கன்வர்ஷன் ஃபீஸ்னு ஒண்ணு வாங்கிட்டுக் குறைப்பாங்க. பேங்க்ல கடன் இருந்தா இன்னொரு விஷயமும் இருக்கு. ரெப்போவுக்கு மேல பேங்க் வைக்கிற கூடுதல் பங்கைப் பொதுவா மூணு வருஷத்துக்கு ஒருமுறைதான் மாத்த முடியும்னு முன்னாடி இருந்துச்சு. 2025 அக்டோபர் 1 முதல் வாடிக்கையாளரைத் தக்க வெச்சுக்க அதை முன்கூட்டியே குறைக்கலாம்னு தளர்த்திட்டாங்க. அதனால "விதியில இடமில்ல சார்"னு சொன்னா, இருக்குன்னு சொல்லுங்க.

நாங்க கேட்டோம். மூணு வாரம் பதிலே இல்ல. சரி, பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் பண்ணிடலாம்னு முடிவு பண்ணோம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

சுலபமா இருக்கட்டும்னு ஒரு மாதிரிக் கணக்கு. பாக்கி 30 லட்சம், மிச்சம் 15 வருஷம்.

9.5 சதவீதத்துல இஎம்ஐ சுமார் 31,327 ரூபாய். 8 சதவீதத்துல 28,670. மாசம் 2,657 மிச்சம், 15 வருஷத்துல ஏறக்குறைய 4.78 லட்சம்.

செலவு? நம்ம ஊர்ல ஒரு ஸ்பெஷல் அயிட்டம் இருக்கு, எம்ஓடி. பத்திரத்தை அடமானமா ஒப்படைச்சதைச் சார்பதிவாளர் அலுவலகத்துல பதிவு பண்றது. தமிழ்நாட்டுல முத்திரைத் தீர்வை கடன் தொகையில 0.5 சதவீதம், அதிகபட்சம் 30,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 6,000. 30 லட்சத்துக்கு 15,000 + 6,000, மொத்தம் 21,000. பழைய கடனுக்கு இதே செலவை ஏற்கனவே பண்ணியிருப்பீங்க, மாத்தும்போது மறுபடியும் பண்ணணும். பிராசஸிங் ஃபீஸ், அதுக்கு ஜிஎஸ்டி, வக்கீல், மதிப்பீட்டாளர் எல்லாம் சேர்த்து 40,000-னு வெச்சுக்குவோம். 40,000-ஐ 2,657-ஆல வகுத்தா 15. அதாவது பதினஞ்சு மாசத்துல போட்ட காசு திரும்பிடும். மிச்சக் காலம் லாபம்.

இப்போ ஒரு பொறி. புது பேங்க்ல சிரிச்ச முகத்தோட "20 வருஷமா போட்டுடலாமா சார், இஎம்ஐ இன்னும் குறையும்"பாங்க. உண்மைதான், 25,093 ஆயிடும். ஆனா மொத்த வட்டி? பழைய 9.5 சதவீதக் கடன்லயே இருந்திருந்தா 26.4 லட்சம். "குறைஞ்ச" 8 சதவீதத்துல 20 வருஷத்துக்கு 30.2 லட்சம். வட்டி விகிதம் குறைஞ்சும் நீங்க கூடுதலா கட்டுறீங்க!

இதுக்கு நேர் எதிரா ஒரு வழி இருக்கு. 8 சதவீதத்துக்கு மாறிட்டு, பழைய 31,327-ஐயே கட்டிட்டு வாங்க. 15 வருஷக் கடன் கிட்டத்தட்ட 27 மாசம் முன்னாடியே முடிஞ்சிடும். எங்க அப்பா இதைத்தான் தேர்ந்தெடுத்தார். "இவ்வளவு நாள் கட்டினோம்ல, அதே கட்டுவோம். சீக்கிரம் பத்திரம் கைக்கு வந்தா போதும்."

வெளியே போற கதவு

முன்னாடியெல்லாம் கடனை முன்கூட்டி அடைச்சா அபராதம் போடுவாங்க. தாமோதரன் குழு இதைத் தப்புன்னு சொன்ன பிறகு, 2012 ஜூன்ல தனிநபர் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடன்களுக்குப் பேங்குகள் அதை வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி தடை போட்டது. வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கும் அதே மாதிரி தடை இருக்கு. ஃபிக்ஸட் வட்டியில ஓடிட்டு இருக்கிற கடன்னா மட்டும் கட்டணம் வரலாம், ஒப்பந்தத்தைப் பாருங்க.

அபராதத்துக்குத் தடை வந்துடுச்சு. அதனால இப்போ நம்ம பொறுமையைச் சோதிக்கிறாங்க. மாத்தணும்னா பழைய இடத்துலேர்ந்து ரெண்டு காகிதம் வேணும். இன்னைக்குத் தேதிக்கு மொத்தமா அடைக்க எவ்வளவுங்கிற ஃபோர்குளோஷர் லெட்டர் ஒண்ணு, அவங்க கையில என்னென்ன பத்திரம் இருக்குங்கிற பட்டியல், அதாவது எல்ஓடி ஒண்ணு. எங்க அனுபவம்: "கிளைக்கு நேர்ல வந்து எழுதிக் கொடுங்க." போனோம். "மேனேஜர் லீவு." மறுபடி போனோம். "சிஸ்டம் டவுன்." எழுதிக் கொடுத்த மறுநாளே, மூணு வாரமா பதில் தராதவங்ககிட்டேர்ந்து போன்: "சார், உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா ரேட் குறைக்கிறோம்!" அப்பா மரியாதையா "வேண்டாம் தம்பி"ன்னுட்டார்.

கடனை மாத்தச் சொல்லி விண்ணப்பிச்சா, ஆட்சேபணை இருக்கா இல்லையான்னு 21 நாளுக்குள்ள பதில் சொல்லணும்னு நியாயமான நடைமுறை விதிகள்ல இருக்கு. ஆனா நாள் கணக்கு வேணும்னா தேதி வேணும். அதனால வாய்ல கேட்காதீங்க. ஈமெயில் அனுப்புங்க, கிளையில கொடுத்தா நகல்ல சீல் வாங்குங்க.

அடுத்த கட்டத்துல ரெண்டு பக்கமும் வட்டி ஓடுற ஆபத்து இருக்கு. புது பேங்க் செக் போட்டு, அது பழைய இடத்துல நாலு நாள் மேஜையில தூங்கினா, அந்த நாலு நாளும் யாருக்கு வட்டி? 2024 ஏப்ரல் 29-ல ரிசர்வ் வங்கி இதைப் பத்திப் பேசுச்சு. கடன் ஒப்புதல் ஆன தேதியிலிருந்தோ, செக்ல போட்ட தேதியிலிருந்தோ வட்டி வாங்கக் கூடாது, பணம் உண்மையில கைமாறின நாளிலிருந்துதான் வாங்கணும்னு. செக்குக்குப் பதிலா ஆன்லைன்ல அனுப்ப முடியுமான்னு புது பேங்க்ல கேளுங்க.

பத்திரம் எங்கே?

எங்களுக்கு உண்மையிலேயே வயித்தைக் கலக்கினது இதுதான். கடன் அடைஞ்சிடுச்சு. பத்திரம் வேற ஊர்ல இருக்கிற சேமிப்புக் கிடங்குலேர்ந்து வரணும்னாங்க. வந்துச்சு. புது பேங்க் ஆளோட நானும் அப்பாவும் போய், எல்ஓடி-யை வெச்சு ஒவ்வொண்ணா டிக் அடிச்சோம். பட்டியல்ல பதினொண்ணு. கவர்ல பத்து. இல்லாதது, எங்க ஃபிளாட் நிக்கிற மனையோட தாய்ப் பத்திரம்.

அப்பா ஒண்ணும் பேசல. கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருந்தார். பல்லாவரம் பக்கம் வாடகை வீடு வாடகை வீடா மாறி, கடைசியா வாங்கின சொந்த இடம் அது. அங்க இருந்தவர் "வந்துடும் சார், கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க"ன்னார். போடல. போடவும் கூடாது. "பத்து ஆவணம் பெற்றேன், இது வரவில்லை"ன்னு எழுதி, அவங்க கையெழுத்தும் வாங்கினோம்.

2023 செப்டம்பர் 13-ல ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுதான் இங்க கை கொடுத்துச்சு. அது 2023 டிசம்பர் 1 முதல் அமல்ல இருக்கு. கடன் முழுசா அடைஞ்ச 30 நாளுக்குள்ள எல்லா அசல் பத்திரமும் திரும்பி வரணும், சொத்து மேல பதிஞ்ச பாத்தியதையும் நீங்கணும். அவங்க தப்பால தாமதமானா நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தரணும். பத்திரம் தொலைஞ்சிருந்தா, நகல் எடுக்கிற செலவு அவங்களோடது, அதுக்கு இன்னும் 30 நாள் அவகாசம். நான் இந்தத் தேதிகளை எல்லாம் போட்டு, அடைச்ச நாளிலிருந்து எத்தனையாவது நாள்னு எண்ணி ஒரு ஈமெயில் அனுப்பினேன். 27-வது நாள் தாய்ப் பத்திரம் கிடைச்சிடுச்சு.

அதுக்கப்புறமும் ஒரு வேலை இருக்கு. பழைய எம்ஓடி-யை ரத்து செய்யுற ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்துல பதியணும், அதுக்கு அவங்க ஆள் வரணும். பதிஞ்சதும் புதுசா வில்லங்கச் சான்று போட்டுப் பழைய அடமானம் நீங்கிடுச்சான்னு பாருங்க. செர்சாய் பதிவேட்டிலும் நீக்கச் சொல்லுங்க. பழைய கடனோட சேர்த்து ஒரு இன்சூரன்ஸைத் தலையில கட்டியிருந்தா, மிச்சக் காலத்துக்குப் பணம் திரும்ப வருமான்னு கேளுங்க.

எல்லாரும் மாத்த முடியுமா?

முடியாது, அதையும் நேர்மையா சொல்லணும். அனகாபுத்தூர், பம்மல், பொழிச்சலூர் பக்கமெல்லாம் அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகள் நிறைய. அப்படிப்பட்ட இடத்துக்குச் சில நிறுவனங்கள்தான் கடன் கொடுக்கும், அதுவும் கூடுதல் வட்டிக்கு. பேங்க் வக்கீல் பார்த்தா "முடியாது"ன்னுடுவார். அப்படி மாட்டினவங்களுக்கு முதல் வேலை மனையை வரன்முறைப்படுத்துறது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி பதிவான மனைகளுக்காக 2017-ல அரசு அதுக்கு விதிகள் கொண்டு வந்தது. உங்க மனை வரன்முறை ஆகியிருக்கான்னு உங்க உள்ளாட்சி அலுவலகத்துல விசாரிச்சுட்டு, பிராசஸிங் ஃபீஸ் கட்டுங்க. அந்த ஃபீஸ் பெரும்பாலும் திரும்ப வராது.

எங்க புகார் பண்றது?

முதல்ல கடன் கொடுத்த இடத்துலேயே எழுத்துல கொடுங்க. 30 நாள்ல பதில் இல்லேன்னாலோ, பதில் சரியில்லேன்னாலோ, பேங்கா இருந்தா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரோட சிஎம்எஸ் தளம், போன்ல 14448. வீட்டுக் கடன் நிறுவனமா இருந்தா தேசிய வீட்டுவசதி வங்கியோட கிரிட்ஸ் தளம். நிறைய பேர் தப்பான கதவைத் தட்டிட்டு "ஒண்ணும் நடக்கல"ன்னு விட்டுடறாங்க.

இன்னைக்கு ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க வீட்டுக் கடன் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து மூணு எண்ணைப் பாருங்க: இப்போதைய வட்டி, மிச்சம் எத்தனை மாசம், கடன் எடுத்தப்ப சொன்ன கணக்குப்படி எத்தனை மாசம் மிச்சம் இருக்கணும். கடைசி ரெண்டும் ஒத்துப் போகலேன்னா, அம்மா அப்பாவைப் பக்கத்துல உட்கார வெச்சுப் பேசுங்க. கடன் அவங்க பேர்ல இருக்கலாம், ஆனா அந்த நீண்டுபோன வருஷங்களைக் கட்டப் போறது பெரும்பாலும் நாமதான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.