அலாரம் எழுப்புகிறதா, பழக்கம் எழுப்புகிறதா?

அதிகாலையில் எழ வேண்டும் என்று நமக்குச் சொல்லாத பெரியவர்கள் இல்லை. அதற்கு முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும் என்று சொன்னவர்கள் குறைவு. அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எழுப்புவதில் நம் பகுதிக்குப் பழைய பெருமை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் அருளிய திருப்பாவையின் 30 பாசுரங்களில் 6 முதல் 15 வரை உள்ள பத்தும் தூங்கும் தோழியரை எழுப்புபவை. பறவைச் சத்தம், கோயில் சங்கு, தயிர் கடையும் ஓசை, விடிவெள்ளி இவைதான் அன்றைய கடிகாரம். மற்றவர்களை எழுப்புவதாக வாய்ப்பேச்சு பேசிவிட்டுத் தூங்கிப்போன பெண்ணும் அதில் வருகிறாள்! ராஜபாளையத்தில் 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் நூற்பாலை தொடங்கிய பிறகு, மில் ஷிப்டு நேரமே பல வீடுகளுக்குக் கடிகாரம் ஆனது. அப்புறம் சாவி கொடுக்கும் டைம்பீஸ் வந்தது. இப்போது செல்போன்.

உடம்புக்குள் இருக்கும் கடிகாரம்

நான் மளிகை மொத்த வியாபாரி. இரவு 9.30-க்குப் படுக்கை, காலை 4.30-க்கு விழிப்பு. டைம்பீஸில் அலாரம் வைத்திருந்தாலும் அது அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே கண் திறந்துவிடும். இது அதிசயம் இல்லை. 1999-ல் ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழகத்தார் 15 பேரை வைத்துச் சோதித்தார்கள். காலை 6 மணிக்கு எழுப்புவோம் என்று சொல்லிப் படுக்கவைத்தபோது, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே விழிப்புக்கு உடம்பைத் தயார் செய்யும் சுரப்பு ரத்தத்தில் கூடத் தொடங்கியது. 9 மணி என்று சொல்லிவிட்டு 6 மணிக்கே திடீரென எழுப்பியபோது அந்த ஏற்பாடு நடக்கவில்லை. உடம்புக்குள் ஓடும் இந்தக் கடிகாரத்தின் இயக்கத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே மூன்று முறை அலாரம் அடித்தும் எழ முடியவில்லை என்றால், சோம்பேறி என்று திட்ட வேண்டாம். பெரும்பாலும் தூக்கம் பற்றவில்லை என்றுதான் அர்த்தம்.

பற்றாக்குறைக்கு வட்டி உண்டு

பெரியவர்களுக்குத் தினம் ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இரவு 11-க்குக் கடை அடைத்து, காலை 4-க்கு மார்க்கெட்டில் நிற்பவருக்கு அது எங்கே கிடைக்கும்? 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-ல் தமிழக அரசு அனுமதித்தது. பெரிய கடையில் ஷிப்டு மாற ஆள் உண்டு. சின்னக் கடையில் முதலாளியே இரண்டு ஷிப்டும்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் நிதானத்துக்குச் சமம் என்று 1997-ல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். வண்டி ஓட்டுபவருக்கு நம் நாட்டுச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30 மில்லிகிராம்தான். காலை 4 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 9 மணியோடு 17 மணி நேரம் முடிகிறது. அதற்கு மேல் மதுரை ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? குடிக்காதவர் என்ற பெயர் மட்டும் அங்கே காப்பாற்றாது.

செய்யக்கூடியவை

படுக்கும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையும் மாற்றாதீர்கள். மாலைக்கு மேல் காபி, டீ வேண்டாம். செல்போனைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதீர்கள். காலையில் வெயில் வெளிச்சம் படட்டும். மதியம் கல்லாவை ஒப்படைக்க ஆள் இருந்தால் இருபது நிமிடம் கண் அயரலாம். இரவெல்லாம் லோடு இறக்கிய டிரைவரை உடனே அடுத்த லோடுக்கு அனுப்பாதீர்கள்.

ஒருவர் மட்டும் சீக்கிரம் கடை அடைத்தால், வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானதே. அதனால் ஒரே பஜாரில் உள்ளவர்கள் கூடிப் பேசி, அடைக்கும் நேரத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளலாம். விலையைப் பற்றிக் கூடிப் பேசும் நாம், தூக்கத்தைப் பற்றியும் ஒருமுறை பேசுவோம். அடுத்த கூட்டத்தில் இதை யாராவது எடுத்துவைத்தால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன்.