உங்களுக்குத் தெரியுமா? மினி டிராக்டர் கிளம்ப மறுத்தால்...

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா? உடனே பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். பல மினி டிராக்டர்களில் கிளட்சை முழுதாக மிதிக்காவிட்டாலோ, ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. லீவர் விடுபடாமல் இருந்தாலோ, பாதுகாப்பு ஸ்விட்ச் செல்ஃப் மோட்டாரைத் தடுத்துவிடும்.

‘டிக்’ என்று மட்டும் கேட்டால் பேட்டரி முனைகளைப் பாருங்கள். பூத்துப்போன படிவமும் தளர்ந்த கிளாம்பும் போதும், மின்சாரம் தடைபட. 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஒருமுறை டேங்க் வறண்டால் குழாயில் காற்று புகுந்துவிடும். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. அதனால் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்கத் தேவையான அழுத்தம் சேர்வதில்லை. மறுபடி டேங்கை நிரப்பினாலும் இதே கதைதான். காற்றை வெளியேற்ற, டீசல் ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்துங்கள். முதலில் நுரைத்துக்கொண்டு வரும். குமிழியே இல்லாமல் டீசல் வழியும்போது திருகை இறுக்குங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம்: தரையில் நின்றபடி ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃப் முனைகளை இணைத்துக் கிளப்பாதீர்கள். அப்போது எந்தப் பாதுகாப்பு ஸ்விட்சும் வேலை செய்யாது. கியரில் இருந்தால் வண்டி பாய்ந்து, பின்சக்கரம் ஆள்மேலேயே ஏறிவிடும். உலகெங்கும் பல விவசாயிகள் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள்.