மணமில்லாத களிம்பே மேல்

உத்திரமேரூர்க் கடைகளில் குழந்தைக்குக் களிம்பு வாங்கும் தாய்மார், டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். மணந்தால் உயர்ந்த சரக்காம்! சிசுவின் தோல் நம்முடையதைக் காட்டிலும் மெல்லியது. வாசனைத் திரவியம் அதனை எளிதில் உறுத்திவிடும். 1872-ல் செஸ்பரோ என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்ற வாஸலைன், வாசனை சேராததாயின், ஈரம் தாக்காமல் காக்கும். இடுப்புத் துணி நனைந்து சிவந்த இடத்திற்குத் துத்தநாகக் களிம்பு தக்கது. தேங்காயெண்ணெயும் நன்றே, கடுகெண்ணெய் வேண்டாம்.

சளி பிடித்தால் தலைவலித் தைலத்தைச் சிசுவின் மார்பிலும் மூக்கிலும் தடவுகிறார்களே, அதுதான் நமக்கு அச்சம். 1893-ல் நாகேஸ்வரராவ் பந்துலு தொடங்கிய அமிர்தாஞ்சனம் பெரியவர்களின் தலைவலிக்கு வந்த சுதேசி மருந்து. அதைத் தொட்டிலுக்குக் கொண்டுபோவதா? இத்தகைய தைலங்களிலுள்ள கற்பூரம் உட்சென்றால் பச்சைக் குழந்தைக்கு வலிப்பே காணக்கூடும். இரண்டு வயது நிறையும்வரை அந்த டப்பா அலமாரியின் மேல்தட்டிலேயே இருக்கட்டும்.