புறவாசல் வழியே ஒரு காதல் கதைக்குள்

சாரல் பிடித்துவிட்டது! இலத்தூர்க் குளத்துத் தண்ணீர் காற்றில் சிலிர்க்கிறது, மேற்கே மலை மேகத்தை இழுத்து முக்காடு போட்டிருக்கிறது, என் மடியில் மூன்று தடித்த புத்தகங்கள். குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் எல்லாம் அருவிக்குப் பறக்கின்றன. நான் மூன்று நாளாகத் திண்ணையை விட்டு இறங்கவில்லை. தாஷா சூரியின் 'பர்னிங் கிங்டம்ஸ்' என்ற மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல் வரிசையை இரண்டாம் தடவையாக முடித்திருக்கிறேன். முதல் தடவை கதை என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. இந்தத் தடவை, இரண்டு பெண்களின் காதலை இவர் எப்படிக் கட்டி எழுப்பினார் என்று செங்கல் செங்கலாகப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாருங்கள், புறவாசல் வழியாக நுழைவோம். சமையல் நடக்கிற இடம் அங்கேதானே இருக்கிறது!

சமைத்தவர் யார்?

தாஷா சூரி லண்டனில் வாழும் பஞ்சாபி வம்சாவளிப் பெண். நூலகராக வேலை பார்த்தவர். தொலைக்காட்சித் தொடர் பார்த்து அழுவது, தேவைக்கு மேல் நோட்டுப் புத்தகம் வாங்கிக் குவிப்பது, தெற்காசிய வரலாற்றைத் தேடித் தேடிப் படிப்பது என்று தன்னைப் பற்றிய குறிப்பில் பட்டியல் போடுகிறார். குடியிருப்பது லேசாகப் பேய் நடமாடும் வீட்டிலாம்! அந்தக் குறிப்பைப் படித்த நிமிடமே அவர் எனக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

2018இல் வந்த முதல் நாவல் 'எம்பயர் ஆஃப் சாண்ட்' முகலாய இந்தியாவின் சாயல் கொண்டது. அதன் பிறகு இந்த மூன்று: 2021இல் 'த ஜாஸ்மின் த்ரோன்', 2022இல் 'த ஒலியாண்டர் சோர்ட்', 2024இல் 'த லோட்டஸ் எம்பயர்'. மல்லிகை, அரளி, தாமரை! வரிசையைக் கவனியுங்கள். முதலில் மணம், அடுத்து விஷம், கடைசியில் சேற்றிலிருந்து எழும் பூ. அரளி சாமிக்கும் ஆகும், ஆளையும் கொல்லும் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தெரிதலோடு தலைப்பைப் படித்தால் முதுகு சில்லிடுகிறது. மல்லிகைப் புத்தகத்துக்கு 2022ஆம் ஆண்டின் உலக மிகுபுனைவு விருது கிடைத்தது.

பாறை மேல் ஒரு சிறை

மாலினி ஒரு இளவரசி. பேரரசனான அண்ணன் சந்திரா அவளைச் சிதையேறச் சொல்கிறான். தோழிகள் இருவர் தீயில் மாள்கிறார்கள்; மாலினி மறுத்து நிற்கிறாள். தண்டனையாக, பேரரசுக்குக் கீழ்ப்பட்ட அகிரண்யா என்ற காட்டு நாட்டில், ஹிரணா என்னும் பாழடைந்த கோயிலில் அடைக்கப்படுகிறாள். ஊசிப்பூ என்ற விஷத்தைச் சிறுகச் சிறுகக் கொடுத்து அவள் புத்தியை மழுங்கடிக்கிறார்கள்.

ப்ரியா அங்கே தரை துடைக்க வருகிற வேலைக்காரி. வழுக்கும் பாறையில், உருமாறிக்கொண்டே இருக்கும் படிகளில், இரவில் ஏறி வர வேண்டும். அவள் ஒரு காலத்தில் அதே கோயிலில் வளர்ந்த பிள்ளை என்பது வெளியே தெரியாது. கூட வளர்ந்தவர்கள் அங்கேயே எரிக்கப்பட்டார்கள். அவர்களை அழித்த பேரரசின் மகள்தான் இப்போது உள்ளே கிடக்கிறாள்!

இந்த இடத்தில் எனக்குத் திருக்குற்றாலக் குறவஞ்சி நினைவுக்கு வந்துவிட்டது. பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதியது. அங்கே வசந்தவல்லி மாளிகைப் பெண், சிங்கி மலைப்பெண். சிங்கி கையைப் பிடித்துக் குறி சொல்கிறாள். வசந்தவல்லியின் மனமோ குற்றாலநாதரிடம் இருக்கிறது. பள்ளியில் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தக் கை பிடிக்கும் காட்சிதான் பிடித்தமானது. இவள் மனதில் என்ன இருக்கிறது என்று அந்தச் சீமாட்டி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்திருந்தால்? சூரியின் நாவலில் மாலினி நிமிர்ந்து பார்க்கிறாள். மூன்று புத்தகமும் அந்தப் பார்வையிலிருந்து முளைக்கின்றன.

அடுப்படி ரகசியங்கள்

இனிதான் நான் குதிக்கும் இடம்!

முதல் ரகசியம்: ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒருவர் பெயர்தான் தலைப்பு. அவர் கண்ணால்தான் நாம் பார்க்கிறோம். மாலினி அத்தியாயத்தில், இந்த வேலைக்காரியின் இரக்கத்தைச் சம்பாதித்தால் தப்பிக்கலாம் என்று அவள் போடும் கணக்கு நமக்குத் தெரியும். ப்ரியா அத்தியாயத்துக்கு வந்தால், அந்தக் கணக்கு அவளுக்கும் புரிந்தே இருக்கிறது! ஏமாற்றுகிறவளுக்கும் ஏமாறாதவளுக்கும் நடுவே எப்படிப் பிரியம் வந்தது என்று நாம் திருப்பித் திருப்பிப் பக்கத்தைப் புரட்டுகிறோம்.

இரண்டாவது: அழகைச் சொல்லி ஆசிரியர் காதலைத் தொடங்கவில்லை. ஒரு சண்டையில், கோயிலில் ப்ரியா பெற்ற மாய சக்தி வெளிப்படுவதை மாலினி பார்த்துவிடுகிறாள். இவள் ஆளைக் கொல்லக்கூடியவள் என்று தெரிந்த பிறகே அவளைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கேட்கிறாள். ப்ரியாவும் அப்படித்தான். அரியணைக்காக இவள் எதையும் செய்வாள் என்று தெரிந்தே கிட்டே வருகிறாள். ஒருத்தியின் ஆபத்தான முகத்தை மற்றவள் முழுசாகப் பார்த்துவிட்டாள், பார்த்தும் போகவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த வரிசையின் உயிர்நாடி இதுதான்.

மூன்றாவது: காதலுக்காக இரண்டு பேரும் தங்கள் நாட்டை மறப்பதில்லை. மாலினிக்கு அரியணை வேண்டும், ப்ரியாவுக்குத் தன் காடு வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. முத்தமிடும் கணத்திலும் அந்த மோதல் அறைக்குள் மூன்றாவது ஆளாக நிற்கிறது. இரண்டாம் புத்தகத்தின் முடிவில் நான் போட்ட சத்தத்துக்குத் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று சொல்ல மாட்டேன்!

இன்னொன்றும் உண்டு. பேரரசு வந்து தடைபோடும் முன்பு, அகிரண்யாவில் பெண்ணைப் பெண் மணப்பது வழக்கத்தில் இருந்தது. ஆகவே இந்தக் காதல் அந்த மண்ணுக்குப் புதிதாக வந்ததே இல்லை. பறிபோன ஒன்று திரும்பி வருகிறது.

காட்டில் இருப்பவள் யார்?

அகிரண்யாவின் பழைய தெய்வங்களுக்குப் பெயர் 'யக்ஷர்கள்'. மரமும் கொடியும் வேருமாய் வாழ்பவர்கள். கோயில் பிள்ளைகள் சாகாநீரில் மூழ்கி எழுந்து அவர்களின் சக்தியைப் பெறுகிறார்கள். லண்டன்காரர்களுக்கு இது புதுக் கற்பனையாக இருக்கலாம். நமக்கு? யட்சி, இயக்கி, இசக்கி! வயலோரத்தில் மஞ்சள் பூசி நிற்கிற அம்மனை அறியாதவர் இங்கே உண்டா? வகுப்புக்கு ஒரு இசக்கிமுத்து, தெருவுக்கு ஒரு இசக்கியம்மாள். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் போனால், பாலை மரத்தடியில் யட்சிக் கதைகள் காத்திருக்கின்றன. இந்த நாவலின் காட்டுக்குள் நுழைய நமக்கு வழிகாட்டி தேவையே இல்லை.

அதே ஜூன் மாதம்

ஆங்கில மிகுபுனைவில் தன்பாலீர்ப்புக் காதல் நெடுநாளாக இருக்கிறது. 1987இல் எல்லன் குஷ்னரின் 'ஸ்வோர்ட்ஸ்பாயிண்ட்' இரண்டு ஆண்களின் காதலைச் சொன்னது. ஆனால் புடவையும் மல்லிகையும் யட்சியும் உள்ள உலகில், இரண்டு பழுப்பு நிறப் பெண்களின் காதலை நடுவில் வைத்துப் பெரிய நாவல் வரிசை வந்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

'த ஜாஸ்மின் த்ரோன்' வந்தது 2021 ஜூனில். அதே மாதம் 7ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு உத்தரவு. பெற்றோரின் எதிர்ப்பால் மதுரையை விட்டுச் சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இதில் புரிதல் போதவில்லை என்று உணர்ந்து, உளவியல் நிபுணர் ஒருவர் முன் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, ஒருவரின் ஈர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். தெரியாததை உட்கார்ந்து கேட்டறிந்த அந்த மனதைத்தான் நல்ல நாவல்கள் நமக்குள்ளும் உண்டாக்குகின்றன.

திண்ணையில் கடைசியாக

நேற்றுச் சாயங்காலம் ஆச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னளா, மூணு நாளா இந்தப் புஸ்தகத்தக் கட்டிக்கிட்டு அழுத? அப்படி என்ன கதை?"

சொன்னேன். சிதையை, சிறையை, பாறையில் ஏறி வந்தவளை, எல்லாவற்றையும். இரண்டு பேருக்கும் பிரியம் வந்ததையும் மறைக்காமல் சொன்னேன். ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். குளத்துப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

"அந்த ராசா மவ பயப்படலியா? இவ இன்னாருன்னு தெரிஞ்ச பொறவுமா?"

"பயந்தா ஆச்சி. பயந்துக்கிட்டேதான் கையப் பிடிச்சா."

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் மடியில் இருந்த மூன்றாம் புத்தகத்தைத் தட்டினாள். "இதுல நீ சொல்லாதது மிச்சம் இருக்குல்லா? மொதல்லருந்து வாசி. நான் வெளக்கு ஏத்திட்டு வாரேன்."