அதிபரே நினைத்தாலும் நீக்க முடியாத பதவியா? அமெரிக்காவின் ‘சுதந்திர’ ஆணையங்கள் இயங்குவது எப்படி?

2025 மார்ச் 18. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் எனப்படும் வர்த்தக ஆணையத்தின் (எஃப்டிசி) உறுப்பினர்கள் இரண்டு பேருக்கு அதிபர் தரப்பிலிருந்து தகவல் வந்தது. ‘இனி நீங்கள் பதவியில் இல்லை’ என்பதுதான் அதன் சாரம். ரெபேக்கா ஸ்லாட்டர், அல்வாரோ பெடோயா. இரண்டு பேருமே ஜனநாயகக் கட்சி தரப்பில் நியமிக்கப்பட்டவர்கள்.

அவர்கள் தப்பு செய்ததாக யாரும் சொல்லவில்லை. அவர்கள் பதவியில் தொடர்வது டிரம்ப் அரசின் முன்னுரிமைகளோடு ஒத்துப்போகவில்லை. அதுதான் சொல்லப்பட்ட காரணம்.

‘அதிபருக்குப் பிடிக்கல, தூக்கிட்டார். இதுல என்ன இருக்கு?’ என்று தோன்றலாம். ஆனால் எஃப்டிசியை உருவாக்கிய 1914-ம் ஆண்டு சட்டம், உறுப்பினரை நீக்க மூன்று காரணங்களைத்தான் சொல்கிறது: திறமையின்மை, கடமையில் அலட்சியம், பதவியில் முறைகேடு. ‘அதிபருக்கு ஒத்துவரவில்லை’ என்பது அந்தப் பட்டியலில் கிடையாது.

ஸ்லாட்டர் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2025 டிசம்பரில் வாதங்கள் நடந்தன. ஒரே ஒரு பதவி பற்றிய வழக்கு மாதிரி தெரிந்தாலும், அமெரிக்க அரசு இயந்திரம் யாருடைய பேச்சைக் கேட்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள கேள்வி.

அரசு இயந்திரத்தில் யார் யார் இருக்கிறார்கள்?

சிம்பிளா சொன்னால், மூன்று அடுக்குகள்.

முதலாவது, துறைகள். வெளியுறவு, நிதி, பாதுகாப்பு என மொத்தம் 15. இவற்றின் தலைவர்கள் அதிபரின் அமைச்சர்கள். அதிபர் நினைத்தால் இன்று இரவே நீக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, எந்தத் துறைக்குள்ளும் வராத தனி அமைப்புகள். நாசா, சிஐஏ, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எல்லாம் இந்த வகை. பெயரளவில் தனி அமைப்பு என்றாலும், தலைவரை அதிபர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

மூன்றாவதுதான் இப்போது பிரச்னைக்குள்ளான வகை: சுதந்திர ஒழுங்குமுறை ஆணையங்கள். வர்த்தகத்துக்கு எஃப்டிசி, பங்குச்சந்தைக்கு எஸ்இசி, தொலைத்தொடர்புக்கு எஃப்சிசி, தொழிலாளர் உரிமைக்கு என்எல்ஆர்பி. நம்ம ஊர் செபி, டிராய் பார்க்கும் வேலைகளை அங்கே இவைதான் பார்க்கின்றன.

இந்த மூன்று அடுக்குகளிலும் சேர்த்து, ராணுவத்தினர் தவிர்த்து, சுமார் 20 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். அதிபர் மாறும்போது அரசியல் ரீதியாக நிரப்பப்படும் பதவிகள் சுமார் 4,000 மட்டுமே. மற்றவர்கள் எந்தக் கட்சி வந்தாலும் அதே நாற்காலியில் இருப்பவர்கள்.

நிரந்தர ஊழியர் முறை வந்தது எப்படி?

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 19-ம் நூற்றாண்டில் தேர்தலில் ஜெயித்த கட்சி, போஸ்ட் மாஸ்டர் முதல் கிளார்க் வரை தன் ஆட்களை உட்கார வைக்கும். கட்சிக்கு உழைத்தால் வேலை. அடுத்த கட்சி வந்தால் வீடு.

1881-ல் அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை ஒருவன் ரயில் நிலையத்தில் சுட்டான். ‘தேர்தலில் உங்களுக்காக உழைத்தேன், எனக்குத் தூதரகப் பதவி தாருங்கள்’ என்று கேட்டு அலைந்து கிடைக்காத ஆள் அவன். கார்ஃபீல்ட் செப்டம்பரில் இறந்தார். அந்த அதிர்ச்சியில் 1883-ல் வந்தது பென்டில்டன் சட்டம். தேர்வு எழுதித் தகுதி அடிப்படையில் வேலை, அரசியல் காரணத்துக்காக நீக்கக் கூடாது என்ற முறை அங்கிருந்துதான் தொடங்கியது.

டிரம்ப் 2025-ல் மீண்டும் பதவியேற்ற நாளிலேயே, கொள்கை சார்ந்த பணியிடங்களில் இருக்கும் நிரந்தர ஊழியர்களின் பாதுகாப்பைக் குறைக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார் என்பது கவனிக்க வேண்டியது.

ஓர் அதிகாரி ‘முடியாது’ என்று சொன்னால் என்ன ஆகும்?

வேலைப் பாதுகாப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அமெரிக்கர்கள் சொல்லும் பெயர் ஃப்ரான்சஸ் கெல்சி.

1960-ல் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் (எஃப்டிஏ) புதிதாகச் சேர்ந்த டாக்டர் அவர். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தாலிடோமைடு என்ற மருந்தின் கோப்பு அவர் மேஜைக்கு வந்தது. ஐரோப்பாவில் தூக்கத்துக்கும், கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மருந்து. சீக்கிரம் அனுமதி கொடுங்கள் என்று நிறுவனம் தொடர்ந்து நெருக்கியது.

கெல்சி அசையவில்லை. ஆதாரம் போதாது, இன்னும் தகவல் வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கோப்பைத் திருப்பி அனுப்பினார். ‘ஃபைலை நகர்த்தாத அதிகாரி’ என்று அன்று பலருக்கு எரிச்சல் வந்திருக்கும்.

1961 இறுதியில் உண்மை வெளியே வந்தது. அந்த மருந்தைச் சாப்பிட்ட தாய்மார்களுக்குக் கை கால் வளர்ச்சியில்லாத குழந்தைகள் பிறந்தன. உலகம் முழுக்க 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அமெரிக்காவில் மருந்து கடைக்கே வராததால் பாதிப்பு மிகக் குறைவு. 1962-ல் அதிபர் கென்னடி கெல்சிக்கு விருது கொடுத்தார்.

எஃப்டிஏ சுதந்திர ஆணையம் கிடையாது. சுகாதாரத் துறைக்குள் வரும் அமைப்புதான். ஆனாலும் கெல்சியின் கதை ஒன்றைக் காட்டுகிறது. ‘முடியாது’ என்று சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும் இடத்தில், யாரும் ‘முடியாது’ என்று சொல்ல மாட்டார்கள்.

சுதந்திர ஆணையத்தில் அப்படி என்ன ஸ்பெஷல்?

முதல் ஆணையம் உருவானது 1887-ல், ரயில் கட்டணப் பிரச்னையில். தனியார் ரயில் நிறுவனங்கள், பக்கத்து ஊருக்குச் சரக்கு கொண்டுபோக, தூரத்து நகரத்தைவிட அதிகக் கட்டணம் வாங்கின. பக்கத்து ஊருக்குப் போட்டி ரயில் இல்லை, அதனால் கேட்ட காசைக் கொடுத்தாக வேண்டும். விவசாயிகள் கொதித்தார்கள். ஒவ்வொரு கட்டணத்தையும் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது என்பதால், அதற்கென ஒரு நிபுணர் ஆணையம் அமைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு வந்த எஃப்டிசியை எடுத்துக்கொண்டால் வடிவம் புரியும்.

உறுப்பினர்கள் 5 பேர். ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் 3 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பதவிக் காலம் 7 ஆண்டுகள், அதிபரின் 4 ஆண்டுகளைவிட அதிகம். எல்லாருடைய பதவியும் ஒரே நேரத்தில் முடியாது, ஒருவர் பின் ஒருவராக முடியும். அதிபர் பெயரைச் சொல்வார், செனட் ஒப்புதல் தர வேண்டும். நீக்க வேண்டுமென்றால் அந்த மூன்று காரணங்கள்.

அதிகாரமும் பெரிது. விதி எழுதலாம், விசாரிக்கலாம், வழக்குப் போடலாம். தனியுரிமை விவகாரத்தில் 2019-ல் ஃபேஸ்புக் மீது 500 கோடி டாலர் அபராதம் விதித்தது எஃப்டிசிதான். ‘பிரைம் சந்தாவில் சேர்வது ஈஸி, வெளியே வருவது கஷ்டம்’ என்று அமேசான் மீது போட்ட வழக்கு, 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

இஷ்டத்துக்கு விதி போட முடியுமா?

முடியாது. 1946-ம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டம் ஒரு பாதை போட்டிருக்கிறது. முதலில் வரைவு விதியை அரசிதழில் வெளியிட வேண்டும். பிறகு மக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் தர வேண்டும். முக்கியமான ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லித்தான் இறுதி விதி. அதன் பிறகும் பாதிக்கப்பட்டவர் கோர்ட்டுக்குப் போகலாம்.

இதிலும் கோளாறு உண்டு. 2017-ல் இணையச் சமநிலை விவகாரத்தில் எஃப்சிசிக்கு 2 கோடிக்கும் மேல் கருத்துகள் குவிந்தன. அவற்றில் பெரும்பகுதி போலி என்று நியூயார்க் மாகாண அட்டர்னி ஜெனரலின் விசாரணை 2021-ல் சொன்னது.

கோர்ட்டின் பிடியும் இப்போது இறுகியிருக்கிறது. சட்டத்தில் ஒரு வாசகம் தெளிவாக இல்லையென்றால், அமைப்பு சொல்லும் நியாயமான விளக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்க வேண்டும் என்பது 1984 முதல் இருந்த நிலை. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இனி சட்டத்துக்கு அர்த்தம் சொல்வது நீதிபதிகள்தான்.

1933-ல் ரூஸ்வெல்ட்டும் இதையே செய்தார்

டிரம்ப்புக்கு முன்பே ஓர் அதிபர் எஃப்டிசி உறுப்பினரை நீக்கியிருக்கிறார். அவர் ஜனநாயகக் கட்சியின் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

எஃப்டிசியில் இருந்த வில்லியம் ஹம்ப்ரி ரூஸ்வெல்ட்டின் கொள்கைகளுக்கு எதிரானவர். ராஜினாமா செய்யச் சொல்லி அதிபர் கடிதம் எழுதினார். ஹம்ப்ரி மறுத்தார். 1933 அக்டோபரில் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டே இறந்தும் போனார். அவருடைய சொத்துகளை நிர்வகித்தவர், ‘அவருக்கு வர வேண்டிய சம்பளப் பாக்கியைக் கொடுங்கள்’ என்று வழக்குத் தொடுத்தார்.

1935-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னது: இந்த மாதிரி ஆணையங்களின் உறுப்பினர்களை நீக்குவதற்கு நாடாளுமன்றம் நிபந்தனை போடலாம், அதிபர் அதை மீற முடியாது. இறந்துபோன ஒருவரின் சம்பளப் பாக்கி வழக்கில் வந்த இந்தத் தீர்ப்பின் மேல்தான் 90 ஆண்டுகளாக இத்தனை ஆணையங்களும் நிற்கின்றன. ஸ்லாட்டர் வழக்கின் குறி இந்தத் தீர்ப்பு மீதுதான்.

‘இவர்களுக்கு யார் ஓட்டுப் போட்டது?’

டிரம்ப் தரப்பு வாதத்தையும் லேசாக ஒதுக்க முடியாது. நிர்வாக அதிகாரம் அதிபரிடம் இருக்கிறது என்கிறது அரசியல் சாசனத்தின் 2-வது பிரிவு. மக்கள் ஓட்டுப் போடுவதும் அதிபருக்குத்தான். ஓர் ஆணையம் தவறான விதி போட்டால் மக்கள் யாரைத் தண்டிப்பது? நீக்க முடியாத ஒருவர் செய்த வேலைக்கு அதிபர் எப்படிப் பொறுப்பேற்பது?

1937-ல் ரூஸ்வெல்ட் அமைத்த குழுவே இந்த ஆணையங்களை ‘தலையில்லாத நான்காவது பிரிவு’ என்று விமர்சித்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம், ஒரே இயக்குநர் தலைமையில் இயங்கும் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பின் வழக்கில், அந்த இயக்குநரை அதிபர் காரணம் சொல்லாமலே நீக்கலாம் என்றது.

எதிர்த்தரப்பின் பதில் இது: இன்று ஒரு கம்பெனி மீது வழக்குப் போடும் அதிகாரி, அந்த கம்பெனி முதலாளி அதிபருக்கு நண்பர் என்பதால் நாளை வேலையை இழந்தால், யாரை நம்பி மக்கள் புகார் கொடுப்பார்கள்?

ஃபெடரல் ரிசர்வ் என்ன ஆகும்?

உலகமே உற்றுப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வில் ஆளுநர்கள் 7 பேர், பதவிக் காலம் 14 ஆண்டுகள். தகுந்த காரணம் இல்லாமல் அவர்களையும் நீக்க முடியாது.

தேர்தல் வரும்போது வட்டி குறைய வேண்டும் என்று எந்த அதிபருக்கும் ஆசை இருக்கும். 1972 தேர்தலுக்கு முன் நிக்சன், அன்றைய ஃபெடரல் ரிசர்வ் தலைவர் ஆர்தர் பர்ன்ஸை நெருக்கியது வெள்ளை மாளிகை ஒலிப்பதிவுகளிலேயே இருக்கிறது. அடுத்து வந்த கடும் விலைவாசி உயர்வுக்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள் பல பொருளாதார நிபுணர்கள்.

2025 மே மாதம் வேறொரு வழக்கில், ஃபெடரல் ரிசர்வ் தனித்துவமான அமைப்பு என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. ஆகஸ்டில் ஆளுநர் லிசா குக்கை, வீட்டுக் கடன் ஆவணங்களில் தவறான தகவல் தந்ததாகச் சொல்லி டிரம்ப் நீக்க முயன்றார். குக் அதை மறுத்து வழக்குத் தொடுத்தார். அவரை உடனே நீக்க உச்ச நீதிமன்றம் அனுமதிக்கவில்லை.

நமக்கு இதில் என்ன?

நிறையவே இருக்கு. ஃபெடரல் ரிசர்வ் வட்டியை மாற்றினால் டாலர் மதிப்பு அசையும். டாலர் அசைந்தால் ரூபாயும், நம்ம ஊர் நகைக்கடையில் சவரன் விலையும் சேர்ந்து அசையும். இந்திய மருந்துகளுக்கு மிகப் பெரிய வெளிநாட்டுச் சந்தை அமெரிக்கா. எஃப்டிஏ ஆய்வாளர்கள் இந்தியத் தொழிற்சாலைகளுக்கே நேரில் வந்து சோதனை செய்கிறார்கள். அவர்கள் தரும் அறிக்கை அரசியலைப் பார்த்து வருகிறதா, ஆதாரத்தைப் பார்த்து வருகிறதா என்பது இங்கே வேலை செய்யும் தொழிலாளிக்கும் முக்கியம்.

யாராலும் நீக்க முடியாத அதிகாரி, யாருக்குப் பதில் சொல்வார்? எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படக்கூடிய அதிகாரி, யாருக்கு எதிராகப் பேசுவார்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் 1887-ல் தொடங்கிய அமைப்புகள்தான் இந்த ஆணையங்கள். அந்த நடுக்கோட்டை எங்கே போடுவது என்பதைத்தான் ஸ்லாட்டர் வழக்கு கேட்கிறது.