நிறுவனக் கட்டமைவு மாதிரியாக்கமும் பொது முறைமைக் கோட்பாடும்: கருத்துகளும் கலைச்சொற்களும்

0. முன்னுரை

ஒரு நிறுவனத்தில் பணிபுரிவோர், அவர்கள் ஆற்றும் பணிகள், அப்பணிகளுக்குத் துணைநிற்கும் கணிப்பொறிச் செயலிகள், அச்செயலிகள் இயங்கும் கருவிகள் ஆகியவற்றையும் அவற்றிடையே உள்ள உறவுகளையும் ஒருங்கே விளக்கும் துறை 'எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்' எனப்படுகிறது. இக்கட்டுரையில் அது 'நிறுவனக் கட்டமைவு' என்று குறிக்கப்படுகிறது. இவ்விளக்கத்தை வரைபடமாகத் தருவதற்கென உருவாக்கப்பட்ட செயற்கை மொழிகளும் உள்ளன. இந்திய அரசின் மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2018-இல் இத்துறைக்கெனத் தேசிய அளவிலான சட்டகம் ஒன்றை வெளியிட்டது. எனவே, இத்துறைச் சொற்கள் அரசு ஆவணங்களின் வழியே மொழிபெயர்ப்பாளரின் மேசைக்கு வந்து சேர்வது இயல்பே.

அவ்வாறு வரும் சொற்களுள் அடிப்படையானவை சிலவே. ஆனால், அவற்றைத் தமிழாக்குவதில் இடர்ப்பாடு உண்டு. சிஸ்டம், ஸ்ட்ரக்சர், ஆர்கனைசேஷன் என்னும் மூன்றுக்கும் தமிழில் 'அமைப்பு' என்றே பெரும்பாலும் எழுதுகிறோம். பிஹேவியர், ப்ராசஸ், ஃபங்ஷன், ஆக்டிவிட்டி என்னும் நான்கும் 'செயல்பாடு' என்பதற்குள் அடங்கிவிடுகின்றன. இதன் விளைவாகப் பின்வருமாறு ஒரு தொடர் அமையக்கூடும்: 'அமைப்பின் செயல்பாடு அதன் அமைப்பைப் பொறுத்தது, ஓர் அமைப்பில் பல அமைப்புகளைக் காணலாம்.' இத்தொடரில் இலக்கணப் பிழை ஏதுமில்லை, பொருளும் ஏதுமில்லை.

மேற்குறித்த கருத்துகள் பலவற்றுக்குப் பொது முறைமைக் கோட்பாட்டில் இணையான கருத்துகள் உள்ளன. அக்கோட்பாட்டின் வேறுபாடுகளை அறிந்தே அவற்றுக்குரிய தமிழ்ச் சொற்களைத் தெரிவு செய்தல் வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பொது முறைமைக் கோட்பாடு

1.1 ஆஸ்திரிய உயிரியல் அறிஞர் லுட்விக் வான் பெர்ட்டலன்ஃபி (1901–1972) உயிரியைத் திறந்த முறைமையாகக் கண்டார். உயிரி தன் சூழலிலிருந்து பொருளையும் ஆற்றலையும் பெறுகிறது, மாற்றுகிறது, வெளிவிடுகிறது. இவ்வாறு இடையறாது மாறிக்கொண்டே தன் நிலையைக் காத்துக்கொள்கிறது. இத்தகைய பொது விதிகள் உயிரியலுக்கு மட்டுமன்றிச் சமூகவியல், பொருளியல் முதலிய துறைகளுக்கும் பொருந்தும் என அவர் கருதினார். 1954-இல் இக்கருத்துடைய அறிஞர்கள் ஒரு கழகத்தைத் தோற்றுவித்தனர். 1956-இல் பொருளியல் அறிஞர் கென்னத் போல்டிங் முறைமைகளை ஒன்பது படிநிலைகளாக வகுத்தார். பெர்ட்டலன்ஃபியின் கட்டுரைகள் 1968-இல் நூலாக வெளிவந்தன.

மொழியியலாருக்கு இக்கருத்து புதிதன்று. மொழி ஒரு முறைமை. அதன் உறுப்பு ஒவ்வொன்றின் மதிப்பும் பிற உறுப்புகளோடு அது கொண்டுள்ள உறவால் அமைகிறது என்பது 1916-இல் வெளியான சசூரின் நூல்வழி நாம் அறிந்ததே.

1.2 இக்கோட்பாட்டின் கருத்துகளுள் நமக்கு வேண்டியவை நான்கு: எல்லையும் சூழலும், அமைப்பும் இயக்கமும், படிநிலை, பின்னூட்டம். இவற்றுள் அமைப்பு, இயக்கம் என்னும் வேறுபாட்டைப் பெர்ட்டலன்ஃபி கால அளவைக் கொண்டு விளக்கினார். நெடுங்காலம் நீடிக்கும் மெதுவான நிகழ்முறையை அமைப்பு என்கிறோம். குறுகிய காலத்தில் விரைந்து முடிவதை இயக்கம் என்கிறோம் என்பது அவர் கருத்தின் சாரம். அதாவது, இவ்வேறுபாடு பொருள்களிலேயே அமைந்து கிடப்பதன்று. நோக்கும் கால அளவைப் பொறுத்தது.

1.3 இதனோடு ராஸ் ஆஷ்பி 1956-இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்திய கருத்தையும் சேர்த்தெண்ண வேண்டும். ஒரு பொருளுக்கு எண்ணற்ற பண்புகள் உள்ளன. நோக்குநர் தம் தேவைக்கேற்பச் சிலவற்றைத் தெரிந்தெடுக்கிறார். அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்ட மாறிகளின் தொகுதியே முறைமை. அப்பொருள் தானே முறைமை அன்று. எனவே, ஒரு நிறுவனத்தை ஒரே முறைமை எனக் கூறுவது பிழையாகும். ஒரே நிறுவனத்தில், நோக்கத்திற்கேற்ப, பல முறைமைகளை இனங்காணலாம்.

2. மாதிரியாக்கத்தில் இலக்கணக் கூறுகள்

2.1 ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்விதழில் 1987-இல் ஜான் ஸாக்மன் ஒரு சட்டகத்தை வெளியிட்டார். எது, எவ்வாறு, எங்கு என்னும் மூன்று வினாக்களே அதன் நிரல்களாக முதலில் அமைந்தன. 1992-இல் அவரும் ஜான் சோவாவும் யார், எப்போது, ஏன் என்னும் மூன்றனைச் சேர்த்து ஆறாக்கினர். சோவா கருத்து வரைபடங்கள் வழியாகப் பொருண்மையை ஆராய்ந்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

தமிழ் இலக்கணத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என நன்னூலும் வினைக்குரியனவாக ஆறு கூறும். இவ்விரு பட்டியல்களிலும் ஐந்து ஒத்துள்ளன. ஸாக்மனின் 'ஏன்' நன்னூலின் ஆறனுள் இல்லை. நன்னூலின் 'கருவி' ஸாக்மனிடம் தனி நிரலாக இல்லை. தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் கூறும் தொழில்முதனிலை எட்டினுள் கருவி, பயன் ஆகிய இரண்டும் இடம்பெறுகின்றன. இவ்வொப்புமை கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனக் கொள்ளலாகாது. ஒரு செயலை முழுமையாக விவரிக்க முனைவோர் எந்நாட்டினராயினும் ஏறத்தாழ ஒத்த கூறுகளையே வந்தடைகின்றனர் என்பதே இதனால் பெறப்படுவது.

2.2 ஆர்க்கிமேட் என்னும் மாதிரியாக்க மொழி நெதர்லாந்தில் 2002 முதல் 2004 வரை நடைபெற்ற ஆய்வுத்திட்டத்தில் உருவானது. 2009-இல் தி ஓப்பன் குரூப் என்னும் அமைப்புவழி தரமாக வெளியிடப்பட்டது, 3.0 பதிப்பு 2016-இலும் 3.2 பதிப்பு 2022-இலும் வெளிவந்தன. இம்மொழியின் கூறுகள் மூவகைப்படும்: செயலைச் செய்வன, செயல்கள், செயலுக்கு உட்படுவன. இம்முப்பகுப்பு இயற்கை மொழியின் எழுவாய், வினை, செயப்படுபொருள் ஆகியவற்றைப் பின்பற்றியது என்பதை அம்மொழியின் விவரக்குறிப்பே தெரிவிக்கிறது.

3. ஒப்பீடு

தொடர்வண்டி முன்பதிவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விரண்டையும் பொருத்திக் காணலாம்.

3.1 அமைப்பும் இயக்கமும்: முன்பதிவு எழுத்தர் செய்பவர், முன்பதிவு செய்தல் இயக்கம், இருக்கைப் பதிவு செயப்படுபொருள். செய்பவரும் செயப்படுபொருளும் அமைப்புக் கூறுகள்; ஒன்று இயக்குவது, மற்றொன்று இயக்கத்திற்கு உட்படுவது. கோட்பாட்டில் இரண்டாக உள்ள பாகுபாடு மாதிரியாக்க மொழியில் மூன்றாக விரிந்தது இவ்வாறே.

ஆர்க்கிமேட் ஆளையும் அவர் ஏற்கும் பங்கையும் வேறுபடுத்துகிறது. முன்பதிவு எழுத்தர் விடுப்பில் ஊருக்குச் செல்லும்போது பயணி ஆகிறார். ஆள் ஒருவரே, பங்கு வேறு. பெயர்ச்சொல்லையும் அது தொடரில் ஏற்கும் வேற்றுமைப் பொருளையும் பிரித்தறிவார்க்கு இது எளிதில் விளங்கும். முறைமைக்கு உறுப்பாவது பங்கே. ஆள் பல முறைமைகளில் பங்கேற்கிறார். ஆஷ்பியின் கருத்து இங்குப் பொருந்துகிறது.

3.2 எல்லை: பயணி காண்பது கவுண்டரும் அதன்வழிப் பெறும் முன்பதிவும் மட்டுமே. உள்ளே பதிவு எவ்வாறு நிகழ்கிறது என்பதை அவர் அறிய வேண்டுவதில்லை. எல்லைக்கு வெளியே புலப்படும் இயக்கத்தை ஆர்க்கிமேட் 'சேவை' என்கிறது. வெளியே புலப்படும் அமைப்பை 'இடைமுகம்' என்கிறது. கவுண்டர் இடைமுகம், முன்பதிவு சேவை. இணையவழியிலும் அதே சேவையைப் பெறலாம். அங்கு இடைமுகம் வேறு. ஆகவே, சேவை என்பதை இங்குத் தொண்டு என்னும் பொருளில் கொள்ளலாகாது. எல்லை என்னும் கருத்தை நீக்கிவிட்டால் சேவைக்கும் பிற இயக்கங்களுக்கும் வேறுபாடில்லை.

3.3 இயக்கத்தின் இருவகைத் தொகுப்பு: ப்ராசஸ் என்பது ஒரு விளைவை நோக்கி வரிசைப்படுத்தப்பட்ட செயல்களின் தொகுப்பு. படிவம் பெறுதல், இருக்கை உளதா எனக் காணுதல், கட்டணம் பெறுதல், சீட்டு வழங்குதல் என்பன முன்பின்னாக நிகழ்கின்றன. ஃபங்ஷன் என்பது தேவைப்படும் திறன், வளம் முதலியவற்றின் ஒப்புமையால் அமைந்த தொகுப்பு. கட்டணம் பெறுதல், திருப்பியளித்தல், கணக்கு முடித்தல் ஆகியன ஒரே வகைத் திறன் வேண்டுவன. ஆயின் ஒரே வரிசையில் நிகழ்வன அல்ல. முன்னது தொடருறவால் அமைவது. பின்னது இனவுறவால் அமைவது. இரண்டையும் 'செயல்பாடு' என மொழிபெயர்த்தால் ஒரே பணி இரு வரைபடங்களில் இருமுறை இடம்பெறுவதன் காரணம் படிப்போர்க்குப் புலப்படாது.

3.4 உறவின் பெயர்: ஆர்க்கிமேட்டின் முன்னைப் பதிப்புகளில் ஓர் உறவு 'பயன்படுத்தப்படுதல்' என்னும் பொருளுடைய செயப்பாட்டுத் தொடரால் குறிக்கப்பட்டது. 3.0 பதிப்பில் அது 'சேவையளித்தல்' என்னும் பொருளுடைய செய்வினைப் பெயராக மாற்றப்பட்டது. அம்பின் திசை மாறவில்லை. 'சேவை பயணியால் பயன்படுத்தப்படுகிறது' என்பது 'சேவை பயணிக்கு உதவுகிறது' என்றானது. பழைய பதிப்பை ஒட்டிய ஆவணத்தையும் புதியதையும் ஒருசேர மொழிபெயர்ப்போர், 'பயன்படுத்துகிறது' என்று சுருக்கி எழுதிவிட்டால் திசை தலைகீழாகிவிடும்.

இதனோடு தொடர்புடையது சொல்வரிசைச் சிக்கல். வரைபடத்தில் உறவின் பெயர் இரு பெயர்களுக்கிடையே நிற்கிறது. ஆங்கில வினையின் இடமும் அதுவே. தமிழில் வினை இறுதியில் வரும். இரண்டாம் பெயர் வேற்றுமை உருபும் ஏற்கும். எனவே, 'உதவுகிறது' போன்ற வினைமுற்றை அம்பின்மேல் எழுதுவதினும் 'உதவுதல்' போன்ற தொழிற்பெயரை எழுதுவதே பொருந்தும். விளக்கவுரையில் முழுத்தொடராக்கிக் கொள்ளலாம்.

3.5 பொருந்தாத இடங்கள்: ஒருவர் பயணத்தை நீக்கினால் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர் முன்னேறுகிறார், அப்பட்டியலின் நீளம் கண்டு வேறொருவர் பயண நாளை மாற்றிக்கொள்கிறார். இதுவே பின்னூட்டம். ஆர்க்கிமேட்டில் அம்புகளை வட்டமாக இணைத்து வரையலாம். ஆயினும் பின்னூட்டம் என்றொரு தனிக் கூறு அதில் இல்லை. முறைமையின் நிலையும் தனிக் கூறாக இல்லை. நிலைமாற்றம் 'நிகழ்வு' என்பதன்வழிக் குறிக்கப்படுகிறது. கோட்பாடு முறைமையின் மாற்றத்தை விளக்க முயல்கிறது. மாதிரியாக்க மொழி அதன் உறுப்புகளையும் உறவுகளையும் பதிவு செய்கிறது. ஒன்றை மற்றொன்றின் மறுபெயராகக் கொள்ளாதிருத்தல் நன்று.

4. கலைச்சொற்கள்

சிஸ்டம் என்பதற்குத் தமிழில் ஒரே சொல் நிலைபெறவில்லை. தமிழகப் பாடநூல்கள் 'நரம்பு மண்டலம்' என்பதை இலங்கைப் பாடநூல்கள் 'நரம்புத் தொகுதி' என்கின்றன. மண்டலம் இடப்பொருளையும் தொகுதி திரட்சிப் பொருளையும் முதன்மையாக உணர்த்துவன. உறவின் ஒழுங்கை இரண்டும் உணர்த்தவில்லை. 'முறைமை' அதனை உணர்த்துகிறது. கணினித் துறையிலும் வழங்குகிறது. எனவே சிஸ்டம், முறைமை ஆகலாம். ஸ்ட்ரக்சர் என்பதற்கு 'அமைப்பு' என்பதையே ஒதுக்கலாம். 'அமைப்பியல்' என்னும் துறைப்பெயர் ஏற்கெனவே வழக்கில் உள்ளது. ஆர்கனைசேஷன், எண்டர்பிரைஸ் என்பன 'நிறுவனம்' எனலாம். ஆர்க்கிடெக்சர் என்பதற்குக் 'கட்டமைப்பு' என எழுதுவோர் உளர்; அது சாலை, மின்வசதி முதலியவற்றுக்கும் வழங்குவதால் 'கட்டமைவு' எனப்பட்டது.

பிஹேவியர் என்பதற்கு உளவியலில் 'நடத்தை' பொருந்தும். பொறிக்கும் நிறுவனத்துக்கும் பொதுவாக வேண்டுமிடத்து 'இயக்கம்' தகும். ப்ராசஸ் 'செயல்முறை' எனவும், ஃபங்ஷன் 'பணி' எனவும், ஆக்டர் 'செய்பவர்' எனவும், ரோல் 'பங்கு' எனவும் அமையலாம். இவற்றுள் ஒரு சொல்லை மாற்ற விரும்புவோர் அச்சொல்லை மட்டும் மாற்ற இயலாது. அதன் அயற்சொற்களையும் சேர்த்து நோக்கியே மாற்றல் வேண்டும். கலைச்சொல் தொகுதியும் ஒரு முறைமையே.

5. முடிவுரை

மாதிரியாக்க மொழியின் கூறுகள் பொது முறைமைக் கோட்பாட்டின் வேறுபாடுகளைப் பெரிதும் பிரதிபலிக்கின்றன என்பதும், அவற்றின் வடிவம் தொடரிலக்கணத்தை ஒட்டியது என்பதும் மேலே காட்டப்பட்டன. முன்னுரையில் கண்ட தொடரை இனிப் பின்வருமாறு எழுதலாம்: 'முறைமையின் இயக்கம் அதன் அமைப்பைப் பொறுத்தது, ஒரு நிறுவனத்தில் பல முறைமைகளைக் காணலாம்.' இத்தொடர் ஒரு கருத்தைக் கூறுகிறது. அதனை ஏற்கவும் மறுக்கவும் இயலும். அறிவியல் மொழிபெயர்ப்பு படிப்போர்க்கு அளிக்க வேண்டிய குறைந்தபட்ச உரிமை அதுவே. பின்னூட்டம், நிலை முதலிய கருத்துகளைத் தமிழ்வழி விளக்கும் ஆய்வுகள் இதனைத் தொடர்ந்து மேற்கொள்ளப்பட வேண்டும்.