செவ்வழுகலைத் தாங்கும் கரும்புத் தினுசுகள்

குடிகாட்டுக்கு வடமேற்கே, கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் இடைப்பட்ட நெல்லிக்குப்பம் சுற்றுப்புறத்தில் கரும்பு நெடுங்காலமாகச் சாகுபடி செய்யப்பட்டு வருகிறது. கரும்பில் இட்ட முதல் பத்துப் பன்னிரண்டு மாதங்கள் கழிந்த பின்னரே குடியானவர் கைக்குத் திரும்பும். அதுவரையில் கரணைக்கும் எருவுக்கும் கூலிக்கும் பெரும்பாலோர் கடன் பெற்றே செலவிடுகின்றனர். வெட்டுக்கு முன்னர்ப் பயிர் நோயினால் அழியுமாயின் நஷ்டம் அவ்வாண்டோடு நிற்பதில்லை. அசலும் வட்டியும் மறுவருஷப் பயிரின்மேல் ஏறும். ஆகையால் எத்தினுசை நடுவது என்பது, எவ்வளவு கடன் வாங்குவது என்பதைப் போலவே நன்கு ஆலோசிக்கத் தக்க விஷயமாகும்.

கரும்பின் பகைகளுள் கொடியது செவ்வழுகல். இது ஒருவகைப் பூசணத்தால் உண்டாவது. முதலில் மூன்றாம் நான்காம் இலைகள் மஞ்சளித்து வாடும். பின்னர்க் கொண்டை முழுதும் உலரும். அத்தகைய கரும்பை நெடுக்கில் பிளந்தால் உட்புறம் சிவந்து, இடையிடையே குறுக்காக வெண்திட்டுகள் தோன்றும். புளித்த கள்ளின் நாற்றமும் வீசும். கரணையின் உள்ளே நோய் மறைந்திருக்குமாதலால், மேலே மருந்து நனைப்பது மட்டும் போதாது. நோயுற்ற கரணை, வயலில் விடப்பட்ட கட்டை, பாயும் நீர் ஆகியவை இதனைப் பரப்புகின்றன.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதாவரிப் பாசனப் பிரதேசத்தில் இந்நோய் பெருஞ்சேதம் விளைத்தது. அதன் விளைவாக 1902-ல் சாமல்கோட்டையில் கரும்பு ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. 1912-ல் கோயமுத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. அங்கே கரும்பு நன்கு பூத்து விதை கட்டுவது பெரிய அனுகூலமாயிற்று. பார்பர், வெங்கட்டராமன் ஆகியோர் தித்திப்பு மிகுந்த கரும்பைக் காட்டில் தானே வளரும் பேய்க்கரும்புடன் கலந்தனர். பேய்க்கரும்பில் சர்க்கரை சொற்பம். ஆயினும் வறட்சியையும் நோயையும் தாங்கும் வலிமை அதற்கு உண்டு. இக்கலப்பில் பிறந்த கோ. 205 என்னும் தினுசு 1918-ல் வெளிவந்தது.

புதுத் தினுசு ஒன்றைத் தெரிந்தெடுப்பது சுலபமன்று. ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்துப் பெரும்பாலானவற்றைத் தள்ளவேண்டும். எஞ்சியவற்றின் தண்டில் துளையிட்டு நோய்ப் பூசணம் கலந்த நீரைச் செலுத்தி, சுமார் 60 நாட்களுக்குப் பின் பிளந்து சோதிப்பர். இவ்வாறு பத்தாண்டுகளுக்கு மேலும் கழியும்.

நோயைத் தாங்குவதோடு மற்றொரு குணமும் வேண்டும். வெட்டிய கரும்பு நாள்தோறும் எடையும் சர்க்கரையும் குன்றும். வெயில் காலத்தில் இது மிகும். வண்டிக்கும் ஆலைக்கும் காத்திருக்க நேரும் குடியானவருக்கு, மெதுவாகக் குன்றும் தினுசே ஏற்றது. தடித்த தோலும் மேலே வெண்மெழுகுப் பூச்சும் உடைய கரும்பு இதில் மேம்பட்டது.

ஆயினும் எத்தினுசும் என்றும் அழியாத காப்பு அன்று. இதற்குக் கடலூரே சாட்சி. குவீன்ஸ்லாந்தின் கியூ 63-ஐயும் கோ. 775-ஐயும் கலந்து பெற்ற கோ.க. 671 என்பதில், "க" என்னும் எழுத்து கடலூரைக் குறிக்கும். சர்க்கரைச் சத்தில் சிறந்த இத்தினுசு எங்கும் பரவிய பின்னர்ச் செவ்வழுகலுக்கு இரையாயிற்று. ஆயினும் அதன் குணம் வீணாகவில்லை. 2000-ல் வெளியிடப்பட்டுத் தமிழ்நாட்டில் மிகுதியாகப் பரவிய கோ. 86032 என்னும் தினுசுக்கு அதுவே தந்தையாயிற்று. வடநாட்டில் 2009-ல் வெளிவந்த கோ. 0238-ம் உத்தரப் பிரதேசத்தில் பெரும்பரப்பில் நடப்பட்டு, சுமார் பத்தாண்டுகளில் அந்நோய்க்கே ஆளாயிற்று. ஒரே தினுசு எங்கும் நிறையும்போது, அதனை வெல்லும் பூசணவகை தோன்றி விரைவில் பெருகுவதே இதன் காரணம்.

எனவே ஆராய்ச்சியாளர் தரும் நன்மையைக் காப்பது குடியானவர் கடமையாகின்றது. அதற்கு வழிகள் வருமாறு:

1. ஊர் முழுதும் ஒரே தினுசை நடாமல் இரண்டு மூன்றைக் கையாளுதல்.

2. ஆலைக்குச் செல்லும் முற்றிய கரும்பிலிருந்து கரணை எடுக்காமல், தனியே வளர்த்த 6 முதல் 8 மாத வயதுள்ள விதைக்கரும்பிலிருந்து எடுத்தல். வெட்டுவாயில் சிவப்புக் கண்டதை நீக்குதல்.

3. நோயுற்ற தூரை வேரோடு பெயர்த்து எரித்தல். அவ்வயலின் நீரை அடுத்த வயலில் பாயவிடாமை.

4. அவ்வயலில் கட்டைக் கரும்பு விடாமல் நெல் முதலிய மாற்றுப்பயிர் செய்தல்.

இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் ஒருவர் மட்டும் செய்து பயன் தருவன அல்ல. அடுத்த வயல்காரர் அசட்டையாயிருப்பின் தன் வயலும் கெடும். ஆகையால் கிராமத்தார் ஒன்றுகூடிப் பொதுவில் ஒரு விதைக்கரும்பு நிலத்தை ஏற்படுத்திக்கொள்வது உசிதம். அதற்காகும் சிறு செலவு, ஒரு பருவம் கரும்பு அழிந்தால் தலைமேல் விழும் கடனோடு ஒப்பிட அற்பமேயாகும்.